கோவில்பதாகையில் நிலக்கரி யுகம்

உலகத்தார் நிலத்தின் மேல் வாழ்கிறார்கள். கோவில்பதாகையில் எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் மட்டும் வரலாற்றின் மேல் வாழ்கிறோம். சங்கச் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

தண்ணீருக்காக ஆழ்துளைப் போர் போட்டபோது தொண்ணூறாவது அடியில் கறுப்பாக ஏதோ வந்தது. தலைவர் மனோகரன் அதைத் தொட்டு, முகர்ந்து, ‘நிலக்கரி’ என்று தீர்மானித்தார். அவசரப் பொதுக்குழு கூடியது. சுரங்கத்துக்குப் பெயர் வைப்பதில் மூன்று அணிகள் உருவாயின.

போர் போடும் ஜெகன், பத்தடிக்கு ஒரு கூறாக மண்ணை வரிசையாகக் குவித்திருந்தார். "இன்னா சார், களிமண்ண போய் கரின்றீங்கோ. அடுப்புல போட்டா அடுப்புதான் அணையும்" என்றார். அவர் கருத்து ‘தொழில்நுட்பமற்றது’ என்று குறிப்பேட்டில் ஏறியது.

நிலவியல் பேராசிரியை அருள்மொழியை வரவழைத்தோம். அவர் கறுப்புக் கட்டியைப் பிளந்தார். உள்ளே ஒரு பெரணி இலையின் அச்சு, நரம்பு நரம்பாக.

"பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க நல்ல வெக்கை, நல்ல மழை. தேங்கின தண்ணில விழுந்த இலை மக்காம சேத்துல படிஞ்சிருக்கு. இது மலை மலையா சேர்ந்து ஆழமாப் புதைஞ்சாத்தான் நிலக்கரி. இங்க அவ்வளவு சேரல."

"எவ்ளோ காலம் பொறுத்தா கரியாகும்?" என்றார் தலைவர்.

"சில கோடி வருஷம்."

"சரி, அடுத்த பொதுக்குழுவுல வெச்சிக்கலாம்."

அப்போது தரைத்தளத்துக் கஸ்தூரி முன்னால் வந்தார். நான்கு மழைக்காலமாக அவர் வீட்டில் முழங்கால் தண்ணீர். குழாயை மூடாததே காரணம் என்று சங்கம் அவருக்கு நான்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறது.

"மேடம், மழ வந்தா என் ஊட்ல மட்டும் இன்னாத்துக்கு தண்ணி நிக்குது? பசங்க புக்கெல்லாம் ஊறிப்போச்சு. நா கொழாய மூடிட்டுதான் படுக்கறேன்."

அருள்மொழி முதல் கூறுக்குப் போய்க் குனிந்தார். "நத்தை ஓடு, அல்லிக் கிழங்கு. இது ஏரிம்மா. அதுக்கு மேல செங்கல் கட்டி, ஓட்டுச் சில்லு. இத எந்தக் காலத்து மழையும் கொண்டுவந்து போடல. உங்க குழாய் மேல தப்பில்ல."

கஸ்தூரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கீழ் மண்ணடுக்குகளை மட்டும் அறிக்கையில் எழுதும்படி தலைவர் சொன்னார். எழுதினேன். கையோடு கஸ்தூரிக்கு ஐந்தாவது நோட்டீசையும் எழுதினேன்.

இயற்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது மெத்தனம். ஓர் அடுக்கு போட அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் தேவைப்படுகின்றன. கடைசி அடுக்கை நான் முந்நூறு லாரி இடிபாட்டில் பதினெட்டே நாளில் போட்டு முடித்தேன். தரைத்தளத்தைக் கஸ்தூரிக்கு விற்றவனும் நான்தான். ஏரிக்காற்று வரும் என்று சொன்னேன். ஏரி வரும் என்று சொல்லவில்லை.