வெள்ளச்சிக்குக் கிடைத்த கல்லிபிள் பட்டம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது ஞானசௌந்தரி அக்கா. போன லெந்து நோன்புக் காலத்தில், வீட்டு ஜெபம் முடிந்து பாய் சுருட்டும்போது சொன்னார்கள்.

ஒரு காட்டில் வெள்ளச்சி என்றொரு செம்மறியாடு இருந்தது. அதற்கு ஒரே குட்டி, பிறந்து வாரம் திரும்பவில்லை. குட்டியைப் பட்டிக்குள் விட்டு, வாசலில் முள்படலை இழுத்துக் கட்டி, “ஆண்டவரே, பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டுத்தான் மேயப் போகும்.

ஒருநாள் படலுக்கு வெளியே நரி வந்து நின்றது. தோளில் சால்வை, கையில் செல்போன்.

“அக்கா, இந்த வருஷத்து கல்லிபிள் பட்டம் உங்களுக்குத்தான்!”

வெள்ளச்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அப்படின்னா என்ன தம்பி?”

நரிக்கு அன்றைக்குக் கொழுப்பு. உள்ளதையே சொல்லிப் பார்ப்போமே என்று நினைத்தது. “யார் எதைச் சொன்னாலும் நம்பி ஏமாறுறவங்கன்னு அர்த்தம்.”

“போங்க தம்பி, விளையாடாதீங்க. அவ்வளவு மட்டமான சங்கதிக்குப் போய் இங்கிலீஷ்ல பேர் வைப்பாங்களா?”

நரி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “நாளைக்குப் பொன்னாடை போர்த்த வர்றோம். பட்டம் வாங்குறவங்க வாசல்ல முள்ளு இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றது.

“சேச்சே!” என்று வெள்ளச்சி அப்போதே படலை அவிழ்த்து ஓரமாய்ச் சாத்தியது.

பக்கத்துப் புதரிலிருந்து முள்ளம்பன்றி ஓடி வந்தது. “அடி பைத்தியமே, அவன் சொன்னது நிஜம்டி! உன் குட்டிக்குத்தான் அடிபோடுறான்.”

“உனக்குக் கிடைக்கலைன்னு வயித்தெரிச்சல்,” என்றது வெள்ளச்சி, வாசலைப் பெருக்கிக்கொண்டே.

மறுநாள் நரி வெள்ளச்சியின் படம் போட்ட பிளக்ஸை மரத்தில் கட்டியது. சால்வையை வெள்ளச்சியின் கழுத்தில் போட்டுவிட்டு, எச்சில் ஊற, பட்டிக்குள் ஒரு காலை வைத்தது.

பிளக்ஸைப் பார்த்த காடு சும்மா இருக்குமா? யானை வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. “நாங்க பாட்டன் காலத்துலேர்ந்தே கல்லிபிள் குடும்பம். எனக்குக் கொடுக்காம ஆட்டுக்கா?” அதன் பின்னால் கரடி, மான், காட்டெருமை. “மகா கல்லிபிள் பட்டம் ராஜாவுக்கு” என்று சிங்கம் ஆள் அனுப்பிவிட்டது. எல்லோருக்கும் பின்னால் முள்ளம்பன்றி.

“ஏண்டி, நிஜமாவே ஏமாளின்னுதானே அர்த்தம்னு சொன்னே?” என்று கேட்டது வெள்ளச்சி.

“அர்த்தம் கிடக்குது விடு. பிளக்ஸ்ல உன்னைவிட என் படம் பெரிசா இருக்கணும்.”

நரி வைத்த காலை எடுத்தது. அன்றைக்குச் சால்வை போர்த்த ஆரம்பித்தது, இன்னும் முடிந்தபாடில்லை. பக்கத்துக் காட்டிலிருந்தும் வருகிறார்களாம். நரியின் கண்ணெதிரே குட்டி துள்ளி வளர்ந்து, கொம்பும் முளைத்துவிட்டது. நரிக்கோ விலா எலும்பு தெரிகிறது.

வெள்ளச்சி இப்போதெல்லாம் ஜெபத்தில் நரியையும் சேர்த்துக்கொள்கிறது. “ஆண்டவரே, அந்தத் தம்பி வேளாவேளைக்குச் சாப்பிடுறதே இல்லை. அதுக்கு ஒரு வழி காட்டும்.”

நீதி: ஏமாறுவதென்றால் தனியாக ஏமாறாதே, ஊரோடு சேர்ந்து ஏமாறு. நரிக்குச் சாப்பிட நேரமிருக்காது.

கதையை முடித்துவிட்டு அக்கா எங்களிடம் சொன்னார்கள்: “நம்ம வீட்டு வாசல்ல யானை இல்லை. போகும்போது கேட்டைத் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போங்க.”