வேல் பிடிச்சவனும் பொரிப் பொட்டலமும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ஸ்டேஷனுக்குப் போய், மெட்ராஸ்லேருந்து வந்த பாட்டுப் புத்தக மூட்டையை எடுத்துகினு வந்து கடையில பரப்பணும். அவ்வளவுதான்.

கடைன்னா பெரிசா நினைச்சிக்காதீங்க. திருத்தணி மலையடிவாரத்துல படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு பாய். அதுமேல குங்குமம், கற்பூரம், காவடிப் பாட்டுப் புத்தகம். பாய்க்குப் பின்னால நான், கன்னியம்மா.

அன்னைக்கு ஆடிக் கிருத்திகை. யுத்தம் முடிஞ்சிடுச்சு, பேப்பர் கண்ட்ரோல் மட்டும் முடியல. புத்தகம் கிடைக்கிறதே பெரும்பாடு. அதனால கையில இருந்ததை மொத்தமா அந்த மூட்டையிலயே போட்டிருந்தேன். அது வித்தாத்தான் தைப்பூசம் வரைக்கும் என் கடை. விக்கலைன்னா, பக்கத்துல வளையல் விக்கிற நாகம்மா என் இடத்துலயும் வளையலைப் பரப்பிடுவா. எப்போ எப்போன்னு இருந்தா அவ.

ஸ்டேஷனுக்குப் போற வழியில எங்க அக்கா வீட்டுக்காரர், பாவா, எதிர்ல வந்தார். மலைமேல பொரிகடலை விக்கிறவர்.

"பொட்டலம் கட்ட ஒரு துண்டுப் பேப்பர் இல்ல கன்னியம்மா. ஜனங்க பொரியைத் தலையிலயா கட்டிகினு போவும்?"

"என்கிட்ட ஏன் பாவா அழறே? நான் என்ன பேப்பரா காய்ச்சறேன்?" ன்னு எகத்தாளமா சொல்லிட்டுப் போனேன். நாக்குல சனி!

ஸ்டேஷன்ல மூட்டைமேல ஒரு ஆள் காலை ஆட்டிகினு உட்கார்ந்திருந்தான். தலையில வாசனை எண்ணெய், நெத்தியில ஒரு சுருட்டை முடி தனியா தொங்குது. புத்தகம் போடற முதலாளியோட ஏஜெண்டாம்.

மூட்டையைப் பிரிச்சா, பாட்டுப் புத்தகம் ஒண்ணுகூட இல்ல!

"பாட்டா? அதெல்லாம் போன யுகம்மா! இப்போ மெட்ராஸ்ல எவனும் எழுத்தைப் படிக்கிறதில்ல. படக்கதை! கட்டம் கட்டமா படம். பேசறது வாயிலேருந்தே குமிழியா வரும். வெள்ளைக்கார சோல்ஜருங்க கையில எல்லாம் இதான். எங்க முதலாளி இருக்கிற பேப்பரை மொத்தமா இதுலயே போட்டுட்டார். ஜனங்க மனசு எங்களுக்குத் தெரியும்!"

பாருங்க, மௌண்ட் ரோட்டைத் தாண்டாதவனுக்கு எங்க ஜனங்க மனசு தெரியுமாம்.

நானாவது மூட்டையைத் திருப்பி அனுப்பி இருக்கணும். நான் பாத்தது அட்டைப்படத்தை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்குப் படம்னா ஒரு மயக்கம். நல்ல சிவப்பா ஒரு பையன், சுருட்டை முடி, வெத்து மார்பு, கையில வேலு, பின்னால மலை. திருட்டுக் கும்பலைப் பிடிக்கிற வீரனாம். உள்ள இருக்கிற படத்துலயெல்லாம் இடுப்புல அரைக்கால் நிஜார் போட்டிருந்தான். ஆனா அட்டையில இடுப்புக்கு முன்னால ஒரு பாறையை வரைஞ்சி வச்சிருந்தான் படம் போட்டவன்.

அந்தப் பாறைதான் என் குடியைக் கெடுத்தது.

கொண்டாந்து பாயில பரப்பினேன். எப்படி விக்குதுன்னு பாக்க ஏஜெண்டும் கூடவே வந்துட்டான். மை காயாத புத்தகம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு கிடந்தது. நாக்குல விரலை வச்சி வச்சிப் பிரிச்சி அடுக்கினேன்.

நாகம்மா எட்டிப் பாத்தா. "என்னாடி இது, வாயிலேருந்து நுரை தள்றவனையெல்லாம் கொண்டாந்து வச்சிகினு கீறே?"

"மெட்ராஸ்ல இதான் இப்போ ஓடுதாம்."

"அங்க டிராம் வண்டிகூடத்தான் ஓடுது. அதையும் கொண்டாந்து பாயில வையேன்!"

அப்போ நகரிப் பக்கத்துலேருந்து வந்த ஒரு அம்மா, மஞ்சப் புடவையும் ஈரத்தலையுமா, ஒரு புத்தகத்தை எடுத்தாங்க. நான் சந்தோஷப்பட்டேன். அந்த அம்மா அதைக் கண்ணுல ஒத்திகினு, என் தட்டுலேருந்தே குங்குமம் எடுத்து அட்டைக்குப் பொட்டு வச்சாங்க.

"அம்மா, அது சாமி இல்லீங்க. கதைப் புத்தகம்."

"வேலு சாமி கையில இல்லாம உன் கையிலயா இருக்கும்? சாமியைத் தரையில போட்டுகினு வாய் வேற பேசறியா நீ?"

அடுத்தவங்களும் ஒத்திகினாங்க. அதுக்கடுத்தவங்க கற்பூரமே ஏத்திட்டாங்க. என் கற்பூரம்! வாங்கினவங்க ஒருத்தருமில்ல. சாமியை யாராவது விலை பேசுவாங்களா?

இந்த நேரம் பாத்து பொதட்டூர்பேட்டை காவடி செட்டு வந்து நின்னது. எல்லாரும் தறிக்காரங்க. அவங்களுக்குப் பெரியவரை ஊரே நைனான்னு கூப்பிடும். வருஷா வருஷம் என்கிட்டதான் பாட்டுப் புத்தகம் வாங்குவார்.

"எங்கம்மா பாட்டுப் புத்தகம்?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஏஜெண்ட் முன்னால வந்து நின்னான். "பெரியவரே, பாட்டு வேணாம், இதைப் பாருங்க. இது சாமி இல்ல, ஹீரோ! உள்ள படத்தைப் பாத்தா உங்களுக்கே புரியும்" ன்னு புத்தகத்தைத் தூக்கிப் பிடிச்சான்.

பக்கம் ஒட்டிகினு இருந்தது.

நாக்கை நீட்டினான். விரலைத் தொட்டான். புத்தகத்துல வச்சான்.

"ஐயையோ! சாமியை எச்சில் பண்ணிட்டான்!"

கூட்டம் மொத்தமும் அலறுச்சு. விரதம் இருந்து, பட்டினியா நடந்து வந்த ஜனம். நைனா தோள்ல இருந்த காவடியை இறக்காமலே அவன் சட்டையைப் பிடிச்சார். அவன் "ஹீரோ சார்! ஹீரோ சார்!" ன்னு கத்தறான். யாருக்கு வேணும் அவன் ஹீரோ? எச்சில் எச்சில்தானே!

நாகம்மா சும்மா இருப்பாளா? "அவனை மட்டும் பிடிக்கிறீங்களே, இந்த அம்மாவும் காத்தாலேருந்து எச்சில் தொட்டுத்தான் அடுக்கிகினு கீது!"

வளையல் குலுங்கக் கையை நீட்டிச் சொன்னா பாவி.

அங்கேயே பஞ்சாயத்து. நைனா தீர்ப்பு சொன்னார். "எச்சில் பட்ட சாமியை விக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. மூட்டையோட தலையில தூக்கிகினு போய் மேல சாமி காலடியில வச்சிடணும். தொட்டவங்க முடி குடுக்கணும்."

நான் அவர் கால்ல விழாத குறை. "நைனா, போன கிருத்திகைக்குத்தான் மொட்டை போட்டேன். கொண்டை போட்டா கொய்யாப்பிஞ்சு அளவுதான் இருக்குது. விட்டுடுங்க நைனா."

போனாப் போவுதுன்னு எனக்கு நுனியில கொஞ்சம் கத்தரிச்சிப் பூமுடியோட விட்டாங்க. ஏஜெண்டை சரவணப் பொய்கையில முக்கி எடுத்து, நாவிதர் முன்னால உட்கார வச்சாங்க. முதல் இழுப்புலயே அந்த நெத்திச் சுருட்டை மடியில விழுந்தது. அதையே பாத்துகினு இருந்தான். அழலை. ஜனங்க மனசு தெரிஞ்சவன் இல்லையா!

அப்புறம் ஏறினோம். முன்னால காவடி. பின்னால சந்தனம் பூசின மொட்டையோட ஏஜெண்ட். அதுக்கும் பின்னால தலையில மூட்டையோட நான். கீழே திரும்பிப் பாத்தேன். நாகம்மா என் பாய்மேல வளையல் பெட்டியை வச்சிகினு இருந்தா. கடை போச்சு, தைப்பூசம் போச்சுன்னு அரோகரா போட்டேன். என் அரோகராதான் எல்லாரையும்விட சத்தமா கேட்டது. பக்தின்னு நினைச்சிகினாங்க.

மேல குருக்கள் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். ஒரு புத்தகத்தை எடுத்து, காஞ்ச விரலால நிதானமா பக்கத்தைத் திருப்பினார். நின்னார். நைனாவைப் பாத்தார்.

"ஏன் பெரியவரே, உங்க ஊர் முருகன் சிகரெட்டு பிடிப்பாரோ?"

எட்டிப் பாத்தோம். நிஜார் போட்டுகினு, வேலை மரத்துல சாய்ச்சி வச்சிட்டு, ஜம்முனு புகை விட்டுகினு நிக்கிறான் வீரன். அடுத்த கட்டத்துல வள்ளியுமில்ல, தெய்வானையுமில்ல. கிராப்பு வெட்டின ஒருத்தி மோட்டார் ஓட்டறா.

ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல. ஏஜெண்ட் மட்டும் மொட்டையைத் தடவிகினு, "ஹீரோன்னு சொன்னேனே சார்..." ன்னான்.

நைனா கனைச்சிகினார். "சாமிக்குக் குடுத்த முடி சாமிக்குத்தான் போச்சு தம்பி. ஒண்ணும் வீணில்ல." அவ்வளவுதான் சொன்னார். செட்டு புத்தகமில்லாமலே பாடிகினு போயிடுச்சு. ஒருத்தன் முதலடி பாடறான், ஒருத்தன் மூணாமடி பாடறான்.

நான் மூட்டைமேல உட்கார்ந்தேன். இப்போ தாராளமா உட்காரலாமே!

அப்போ பாவா வந்தார். மூட்டையைப் பாத்தார். கண்ணு விரிஞ்சுபோச்சு.

"இவ்வளவு பேப்பரா!"

பேரம்கூடப் பேசல. இடுப்புல இருந்த பையை அப்படியே என் மடியில கவுத்தார். போட்ட கைமுதல் திரும்பிச்சு. பாவா பரபரன்னு கிழிச்சி, கட்டத்துக்கு ஒரு பொட்டலமா கட்ட ஆரம்பிச்சார்.

கூத்தே அதுக்கப்புறம்தான். பொரியைத் தின்னுட்டுப் பேப்பரைப் பிரிச்ச ஜனம், அதைத் தூக்கிப் போடல.

"ஏங்க, இவன் ரயில்லேருந்து குதிக்கிறாங்க. கீழே விழுந்தானா இல்லையா? அடுத்த படம் யாருகிட்ட கீது?"

"என்கிட்ட ஆத்துல நீந்தறான். இது முன்னாலயா பின்னாலயா?"

"அந்த மோட்டார்க்காரி இவனுக்கு என்ன உறவு?"

"இன்னொரு பொட்டலம் குடு சாமி. குதிச்சவன் வர்றதா பாத்துக் குடு!"

வயிறு நிறைஞ்சவனெல்லாம் திரும்பத் திரும்பப் பொரி வாங்கினான். சாயங்காலம் பாவா கடையில பொரி இல்ல. குதிச்சவன் கதி என்ன ஆச்சுன்னு எனக்கும் இன்னி வரைக்கும் தெரியல. நானும் வாங்கித்தான் பாத்தேன். எனக்கு ஆத்துல நீந்தறவனே வந்துகினு இருந்தான்.

ஏஜெண்ட் மெட்ராஸ் போய் முதலாளிகிட்ட என்ன சொல்லி இருப்பான்? பொரியைப் பத்திச் சொல்லுவானா, மொட்டையைப் பத்திச் சொல்லுவானா? "திருத்தணியில ஒரே நாள்ல மூட்டை காலி. ஒரு கட்டம் பாத்தவன் அடுத்த கட்டத்துக்கு அலையறான்" ன்னு சொல்லி இருக்கான். அடுத்த வருஷம் பாத்தா, மெட்ராஸ்ல புத்தகம் போடறவனெல்லாம் படக்கதையைத் துண்டு துண்டா வெட்டி, 'மிச்சம் அடுத்த வாரம்' ன்னு போட ஆரம்பிச்சிட்டான். வீரனுங்க அத்தனை பேர் கையிலயும் வேலு! புது மோஸ்தராம். எங்க பாவா கிழிச்ச மோஸ்தர் அது!

நாகம்மாவைக் கிளப்பிட்டு என் பாயை நான் திருப்பிப் பிடிச்சது தனிச் சண்டை. அந்தப் பாய்க்கே அடுத்த கிருத்திகைக்கு வேறொரு ஏஜெண்ட் வந்தான். கையில படக்கதைக் கட்டு. "அம்மா, உங்க ஊர் ஜனங்க மனசு எனக்கு நல்லாத் தெரியும்" ன்னான்.

அவன் தலையைப் பாத்தேன். கருகருன்னு, நெத்தி வரைக்கும் முடி.

"உனக்குத் தெரியாதுப்பா" ன்னு அனுப்பிட்டேன்.