ஒளிப்பூச்சும் திருமுகமும்

பொன்விளக்கு நாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், கொண்டுபோன நோயோடு புது நோய் ஒன்றையும் வாங்கிக்கொண்டு திரும்பிய காலம் ஒன்று இருந்தது. கட்டில் சட்டம், கைப்பிடி, நாற்காலி எல்லாம் பிளாஸ்டிக். தொட்டவர் கையிலிருந்து அடுத்துத் தொடுபவர் கைக்குக் கிருமி தாவியது.

அதற்கு முடிவு கட்டியவள் செங்கமலம். அவள் கண்டுபிடித்த பூச்சைப் பூசிய பிளாஸ்டிக்கில் வெளிச்சம் பட்டால் போதும், கிருமி செத்துவிடும். ஒன்பது வருட உழைப்பு. அவளுக்குக் கொள்ளைப் பெருமை, ஏன் இருக்கக்கூடாது?

மன்னருக்கு அவளைவிடப் பெருமை. பூச்சு யார் தந்தது என்று குடிகளுக்குத் தெரிய வேண்டாமா? பூசிய இடமெல்லாம் அவருடைய திருமுகப் படத்தை ஒட்டச் சொன்னார்.

"ஐயா, படத்தை ஒட்டிட்டா பூச்சு மேல வெளிச்சம் எப்படிங்க படும்?" என்று தலைமைச் செயலரிடம் கேட்டாள் செங்கமலம்.

"அம்மா, மன்னரே ஒளிதானே! அதுக்கு மேல என்ன வெளிச்சம் வேணும் உங்களுக்கு?"

காய்ச்சல் கூடியது. படம் சிறிதாக இருப்பதே காரணம் என்று ஆய்வுக்குழு கண்டது, படங்கள் பெரிதாயின. வெயிலில் திருமுகம் வெளுத்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை வந்தது. படத்தைக் கிழித்தால் சிறை என்றும் முரசறைந்தார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் வார்டில் கிடந்த தங்கை தேனம்மையின் புண்ணில் சீழ் வைத்த அன்று, செங்கமலம் திரையை விலக்கினாள். கட்டில் சட்டத்தில் ஒட்டியிருந்த மன்னரின் மீசையை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

"வேணாம்க்கா! புடிச்சு உள்ள போட்டுடுவாங்க."

"போடட்டும். இது நான் செஞ்ச பூச்சுடி. இது இருக்கிற கட்டில்ல உன்னைச் சாக விட்டுடுவேனா?"

மருந்து பழைய கிருமியைப் பார்த்துக்கொண்டது, புதியது வரவில்லை. பத்தாம் நாள் தேனம்மை எழுந்து நடந்தாள். அதைப் பார்த்த பக்கத்துக் கட்டில்காரர்களும் சுரண்டினார்கள். மாதம் முடிவதற்குள் நாடே சுரண்டியது.

சோதனைக்கு வந்த செயலர் சுரண்டிய கட்டில்களைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் முதலில் போவது அவர் தலை. ஆகவே மன்னருக்கு எழுதினார்: "நோயுற்ற குடிகள் தங்கள் திருமுகத்தை அன்போடு தடவித் தடவியே தேய்த்துவிட்டார்கள்."

மன்னர் பெருமிதத்தில் கண்கலங்கினார். தடவுகிறவர்களுக்கு இருட்டு இடைஞ்சல் என்று திரைகளை அகற்றச் சொன்னார். எந்த ஆஸ்பத்திரியிலாவது படம் தேயாமல் இருந்தால் தலைமைச் செயலர் முதல் எல்லா அதிகாரிகள்மேலும் அன்புக்குறைவு வழக்குப் பாயும் என்றும் ஆணையிட்டார்.

மறுநாள் காலை, மூன்றாம் வார்டில் தலைமைச் செயலர் கத்தியும் கையுமாக மண்டியிட்டு, மிச்சமிருந்த படத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். செங்கமலம் பின்னால் நின்று பார்த்தாள்.

"நல்லா அழுத்திச் சுரண்டுங்கய்யா. மூலையில இன்னும் கொஞ்சம் மன்னர் இருக்காரு."