நீத்துப்பூசணிப் பேயும் பீற்றூட் ரத்தமும்

"பிள்ளையின்ரை தட்டை எட்டிப் பாக்கிற தகப்பன்..." என்று பெரியப்பா ஒரு வசனத்தைத் தொடங்குவார். எப்படி முடிப்பார் என்பது எனக்கு ஞாபகமில்லை. முடிக்கும்போது அப்பா எழும்பி வெளியே போய்விடுவார் என்பது மட்டும் ஞாபகம். ஆகவே நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

போன ஹாலோவீனுக்கு எனக்கு வந்த வேலை இதுதான்: ஆறு பிள்ளைகளுக்குப் பின்னேரச் சாப்பாடு.

பெரிய வேலையில்லை. போனை எடுத்துப் பீட்சாவுக்குச் சொல்ல வேண்டும். சிப்ஸ் பைக்கற்றை உடைக்க வேண்டும். மனைவி சுமதி அப்படித்தான் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அவள் மருந்துக்கடையில் வேலை. சனிக்கிழமை ஐந்து மணிவரை ஷிப்ட்.

"பீட்சா, சிப்ஸ், ஜூஸ். விளங்கிச்சுதோ? வேறை ஒண்டும் செய்யாதேங்கோ."

"ஓம் ஓம்."

"உங்கடை 'ஓம் ஓம்' எனக்குத் தெரியும். இண்டைக்கு வேண்டாம். பிள்ளையின்ரை விசயம்."

பிள்ளையின் விசயம் என்னவென்றால், மகள் கவினிக்கு எட்டு வயது. பதினொரு வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு ஓகஸ்டில்தான் லண்டனுக்குத் திரும்பினோம். திரும்பினது நானும் சுமதியும். நான் பதினாலு வயதில் இங்கே வந்து, மிச்சப் படிப்பை இங்கே படித்து, இரண்டு மொழியிலும் ஊருக்குப் பிழை பிடிக்கப் பழகினவன். கவினி அங்கே பிறந்தவள். அவளுக்கு இது திரும்புதல் இல்லை. கொண்டுவந்து இறக்கியது.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஒருநாள் கேட்டேன்.

"விளையாட்டு நேரம் என்ன செய்தனி?"

"நடந்தன்."

"ஆரோடை?"

"சும்மா நடந்தன் அப்பா."

அதற்குப் பிறகுதான் சுமதி கவினியின் வகுப்பில் ஆறு பிள்ளைகளை ஹாலோவீன் பார்ட்டிக்குக் கூப்பிட்டாள். ஆறு பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆறில் ஒன்றாவது கவினியோடு ஒட்ட வேண்டும். பார்ட்டியின் நோக்கம் அவ்வளவுதான்.

மூளை உள்ள மனிதன் இதற்குள் மரக்கறியைக் கொண்டுவருவானா?

நான் கொண்டுவந்தேன்.

கவினி மரக்கறி தொடமாட்டாள். யாழ்ப்பாணத்தில் முருங்கைக்காயையாவது சப்புவாள். இங்கே வந்து ஆறு கிழமையில் அதுவும் நின்றுவிட்டது. இப்போது அவள் சாப்பிடும் ஒரே பச்சைப் பொருள் ஜெலி.

இந்த நாட்டுப் பிள்ளைகளின் பார்ட்டிச் சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு நீண்ட பிரசங்கம் உண்டு. கோழி என்று பெயர் வைத்த மாவு, பழம் என்று பெயர் வைத்த சீனி, இவற்றை முழுங்கிவிட்டு ஒரு மணித்தியாலம் சுவரில் ஏறும் பிள்ளைகள், அதைப் பார்த்து "எவ்வளவு சந்தோசம் பாருங்கள்" என்று உருகும் பெற்றோர். பிரசங்கத்தைக் கேட்க வீட்டில் ஆளில்லாததால் நான் காணொளிகளிடம் போனேன்.

ஒரு வெள்ளைக்காரப் பெண். கடைவாய்ப் பல்வரை தெரியச் சிரித்தாள். "மரக்கறி என்றே தெரியாமல் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்!" என்றாள். கரட்டை நீளமாக வெட்டி, நுனியில் பூசணி விதையை ஒட்டினாள். சூனியக்காரியின் விரலாம். புரோக்கோலியைக் குத்தி நட்டுவிட்டு, மயானத்து மரமாம். பீற்றூட் சாறு, ரத்தமாம்.

பின்னால் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் தட்டோடு நின்றார்கள். காணொளி முடியும்வரை ஒருவரும் வாயைத் திறந்து மெல்லவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் நம்பினேன். படித்தவன் ஏமாறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

"அப்பா, ப்ளீஸ். நோர்மல் சாப்பாடு செய்யுங்கோ," என்றாள் கவினி. வௌவால் உடுப்போடு குசினி வாசலில் நின்றாள்.

"இது நோர்மல்தான்."

"விரலை வெட்டி வைக்கிறது நோர்மலோ?"

"இங்கத்தைப் பிள்ளையளுக்கு நோர்மல்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எல்லாரும் என்னைத்தான் பாத்துச் சிரிப்பினம்."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பீட்சாக் கடை போனுக்குள் இருந்தது. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பேய்முகம் வெட்டப் பூசணிக்காய் வாங்கப் போனேன்.

சூப்பர்மார்க்கற்றில் செம்மஞ்சள் பூசணிக்காய் ஒன்றுகூட இல்லை. ஒரு நாட்டின் சனம் முழுவதும், தான் சாப்பிடாத ஒரு காயை அடிபட்டு வாங்கி, குடைந்து, வாசலில் அழுக வைத்திருக்கிறது. நாங்கள் இருக்கும் ஃபாரஸ்ட் கேட்டில் வீட்டுக்குக் கிட்ட ஒரு தமிழ்க் கடை. அங்கே போனேன்.

"செம்மஞ்சள் நேற்றே முடிஞ்சுது அண்ணை. இது கிடக்கு," என்று கடைக்காரத் தம்பி ஒரு நீத்துப்பூசணியைத் தூக்கிக் காட்டினான். சாம்பல் பூத்த, வெள்ளை, உருண்டைக் காய்.

எனக்கு உடனே ஞானம் பிறந்தது. பேய் வெள்ளைதானே! செம்மஞ்சள் பேய் எங்கே கண்டது? இந்த வெள்ளைக்காரருக்கு நான் காட்டுகிறேன் பேய்!

"தா தம்பி. இரண்டு கிலோ பீற்றூட்டும் போடு. ஒரு வாழை இலையும்."

தம்பி என்னை ஒருமாதிரிப் பார்த்தான். "புது வீடோ அண்ணை?"

"இல்லை, பழசுதான்."

"ஏதும் கரைச்சலோ?"

"பிள்ளையின்ரை விசயம்," என்றேன்.

அவன் முகம் இரங்கிவிட்டது. மூன்று தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, எடுத்துப் பையில் போட்டான். "இதுக்குக் காசு வேண்டாம் அண்ணை. எல்லாம் சரிவரும்."

எவ்வளவு நல்ல பெடியன் என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தேன்.

பிறகு இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டேன். கரட் விரல்கள் முப்பது. நீத்துப்பூசணியின் தலையை வெட்டி, உள்ளே குடைந்து, பீற்றூட் சாறு ஊற்றினேன். பூசணியின் முகத்தில் கரியால் கண் கீறினேன். பீற்றூட்டைத் துருவி மாவோடு குழைத்துச் சிவப்புப் பிட்டு அவித்து, புதைகுழிகளாகக் குவித்தேன். மேலே புரோக்கோலி மரங்கள். இலவசத் தேசிக்காய்களைப் பாதியாகப் பிளந்து, வெட்டுவாயில் சாறு பூசினேன். ரத்தக் கண்கள்!

அதோடு விட்டேனா? எனக்கு ஒரு தந்திரமும் இருந்தது. உள்ளே வந்தால் பிள்ளைகள் இனிப்பைத் தேடும். பசியோடு வரும்போதே வாசலில் மடக்க வேண்டும். ஆகவே முன்கதவுக்கு வெளியே, படலைக்குப் போகும் பாதையில் வாழை இலையை விரித்து, எல்லாவற்றையும் அதில் பரப்பினேன். சுற்றிவர மூன்று சின்ன விளக்கும் கொளுத்தி வைத்தேன்.

எட்ட நின்று பார்த்தேன். பெருமையாக இருந்தது.

மூன்று மணிக்குப் படலை திறந்த சத்தம் கேட்டது. முதலில் வந்தவர் ரஞ்சி அக்கா. அடுத்த தெருவில் இருக்கிறார், பல் வைத்தியர். அவருடைய இரட்டைப் பிள்ளைகள் கவினியின் வகுப்பு.

"நில்லுங்கோ! மிதிக்காதேங்கோ!"

நான் கதவைத் திறந்தேன். ரஞ்சி அக்கா இரண்டு பிள்ளைகளையும் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தபடி படலையடியில் நின்றார்.

"தம்பி, அங்கையே நில்லுங்கோ! காலை வெளியாலை வையாதேங்கோ. உங்கடை வாசலிலை ஆரோ என்னவோ செய்து வைச்சிருக்கினம்."

"நான்தான் அக்கா வைச்சனான்."

அவர் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கடை வாசலிலை நீங்களேயோ?"

"ஓம். பிள்ளையளுக்கு."

"பிள்ளையளுக்கோ!"

அப்போதுதான் நான் குனிந்து, அவர் நின்ற பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல அந்த இலையைப் பார்த்தேன்.

தலை வெட்டிய நீத்துப்பூசணி. உள்ளே சிவப்பு. பிளந்த தேசிக்காய், அதிலும் சிவப்பு. வாழை இலையில் சிவப்புக் குவியல்கள். சுற்றிவர விளக்கு. கரியால் கீறின கண். பேய் பிசாசுக்குக் கழிப்புக் கழித்து முச்சந்தியில் கொண்டுபோய் வைப்பார்களே, ஒன்றுகூடக் குறையாமல் அதேதான். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் மோட்டார்சைக்கிளில் இப்படியானவற்றை விலத்தி விலத்தி ஓடினவன் நான். இரண்டு மணித்தியாலம் பாடுபட்டு அதை என் சொந்த வாசலில் நானே வைத்திருக்கிறேன்.

கடைக்காரத் தம்பியின் இரக்கமும் அப்போதுதான் விளங்கியது.

"அக்கா, இது சாப்பாடு. பீற்றூட்."

"பீற்றூட்டோ என்னவோ. பூசணி வெட்டியாச்சு, தேசிக்காய் பிளந்தாச்சு, விளக்கும் கொளுத்தியாச்சு. இனி என்ன மிச்சம்?"

"நீங்கள் டொக்டர் அக்கா!"

"பல்லுக்குத்தான் தம்பி நான் டொக்டர். இதுக்கு இல்லை."

அந்த நேரம் பார்த்து ஜோ வந்தான். வகுப்பிலுள்ள எமியின் தகப்பன், நெட்டை வெள்ளைக்காரன். எமியோடு மற்ற மூன்று பிள்ளைகளையும் தன் காரிலேயே ஏற்றி வந்திருந்தான். ஏன் எல்லாரும் வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டான்.

ரஞ்சி அக்கா வேர்ச் சிகிச்சை விளக்கும் அதே குரலில், நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். "இதைக் கடந்துபோனால் இன்னொருவருடைய கெட்டகாலம் உங்களோடு வீட்டுக்கு வந்துவிடும்."

ஆறு பிள்ளைகளும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். நான் கண்ணை மூடினேன். முடிந்தது. திங்கட்கிழமை வகுப்பு முழுவதும் இந்தக் கதைதான். என் பிள்ளை இனி வருடம் முழுக்க நடப்பாள்.

எமி இலையைப் பார்த்தாள். கதவடியில் வௌவாலாக நின்ற கவினியைப் பார்த்தாள்.

"உன் வீட்டில் உண்மையான சாபம் இருக்கா?"

கவினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு எமியின் பக்கம் திரும்பினாள்.

"இருக்கு," என்றாள். "அப்பா செய்தது."

"வாவ்!" என்றன ஆறும்.

ரஞ்சி அக்கா விடுவாரா? எல்லாரையும் பின்பக்கத்தால் குசினிக்குள் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார். நாவூறு கழிக்க வேண்டுமாம். கையில் உப்பும் செத்தல் மிளகாயும் பொத்தி, ஒவ்வொரு தலையையும் மூன்றுதரம் சுற்றினார். ஜோவின் தலை எட்டவில்லை, அவன் முழங்காலில் நின்று கொடுத்தான். எல்லாவற்றையும் தாச்சியில் போட்டு அடுப்பை மூட்டினார்.

மிளகாய்ப் புகை எழும்பியது. புகை அலாரம் அலறியது. ஜோ கண்ணீர் வழிய, "வருடா வருடம் செய்வீர்களா?" என்று இருமினான். நான் கதிரையில் ஏறித் துவாயால் அலாரத்துக்கு விசிறினேன். அந்த நேரம் வேலையிலிருந்து சுமதி போன் எடுத்தாள்.

"என்ன சத்தம் அது?"

"ஒண்டுமில்லை."

"பீட்சா வந்திட்டுதோ?"

போனை வைத்துவிட்டேன்.

அலாரம் ஓய்ந்த பிறகுதான் பார்த்தேன், குசினியில் ஒரு பிள்ளையும் இல்லை. முன்வாசலில் கூச்சல். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

ஆறு பேரும் இலையைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். எமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு கரட் விரலைக் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். "நான் சாகவில்லை!" என்று கத்தினாள். அடுத்தவன் புரோக்கோலி மரத்தைப் பிடுங்கி வாய்க்குள் திணித்தான். இரட்டையர் புதைகுழியைக் கையால் அள்ளினார்கள்.

கவினி இடுப்பில் கைவைத்து நின்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். "அது சின்னச் சாபம். இதுதான் பெரியது. பயமென்றால் சாப்பிட வேண்டாம்."

ஒருவருக்கும் பயமில்லை. பத்து நிமிடத்தில் இரண்டு கிலோ பீற்றூட்டும் முப்பது கரட் விரலும் காலி. ஒருவன் தேசிக்காயைக்கூடச் சப்பினான். அந்தப் பல்லுத் தெரியச் சிரித்தவளின் காணொளியில் நடக்காதது என் வாசலில் நடந்தது.

"ஐயோ, வாயைத் திறவுங்கோ!" என்று ரஞ்சி அக்கா பாய்ந்து வந்தார். வரிசையாக ஆறு வாய். உள்ளே பல்லெல்லாம் ரத்தச் சிவப்பு. ஜோ வெளிறிப்போனான்.

"பீற்றூட்," என்றேன்.

"பீற்றூட்டா? எமி பீற்றூட் சாப்பிட்டாளா?" அவன் சாபத்தை நம்பினான், இதை நம்பவில்லை.

நான் கவினியின் பக்கம் குனிந்தேன். "நீயும் ஒரு விரல் எடன் அம்மா."

அவள் என் காதுக்குள் சொன்னாள். "அப்பா, அது கரட். நீங்கள் வெட்டேக்கை நான் பாத்தனான்."

ஏழு பிள்ளைகளில் மரக்கறி சாப்பிடாத ஒரே பிள்ளை என் பிள்ளை.

மிச்சமிருந்த பூசணியைச் சந்தியில் கொண்டுபோய் உடைக்கச் சொன்னார் ரஞ்சி அக்கா. கவுன்சில்காரர் பிடித்துத் தண்டம் போடுவார்கள் என்றேன். "கவுன்சில்காரனுக்கும் நல்லதுதான்," என்றார். கடைசியில் அவர் பார்க்காத நேரம் சாப்பாட்டுக் கழிவு வாளிக்குள் அமத்தினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த கவினியிடம், விளையாட்டு நேரம் என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. தொண்டை அடைத்துக் கரகரத்த குரலோடு வந்தாள். கத்தி விளையாடின குரல்.

பின்னேரம் ஜோ தகவல் அனுப்பியிருந்தான். வருகிற சனிக்கிழமை முழுநாளும் கவினியைத் தங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எமி ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். மத்தியானம் பேர்கரும் சொக்லேட் கேக்கும். கவினிக்குச் சாப்பாட்டில் ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா?

நாலு வரியில் என் பிரசங்கத்தைப் பதிலாகத் தட்டினேன். வாசித்துப் பார்த்தேன். அழித்தேன்.

"ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பிடுவாள்" என்று அனுப்பினேன்.