பலம் பதினெட்டு, புத்தி ஆறு

“என் பேரு முத்திருளன். வயசு இருபத்துநாலு. இருக்கிறது மதுரை, திருநகர்.”

டைப் அடித்துக்கொண்டிருந்த ஆபீஸ் டைப்பிஸ்ட் சூடாமணியின் விரல்கள் நின்றன. “சார், ஏதோ காட்டானோட விவரம்னு சொன்னீங்க. இது உங்க விவரமால்ல இருக்கு?”

முத்திருளனுக்கு அப்போதுதான் உறைத்தது. பேரென்ன, வயசென்ன, ஊரென்ன என்று யாராவது வரிசையாகக் கேட்டால், போலீஸ் கேட்பதாக நினைத்து உண்மையைச் சொல்லிவிடுவது அவன் வழக்கம்.

“அடிச்சது இருக்கட்டும்மா. மேல போடுங்க.”

ஞாயிற்றுக்கிழமைகளில் ராமமூர்த்தி வீட்டு மாடியில் ஆறு பேர் கூடி ஆடும் ஆட்டம் அது. ராமமூர்த்தியின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய தடிப் புத்தகத்தில் விதிகள் இருந்தன. ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூசாரி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கொரு வேடம். சண்டையும் சாவும் வாயாலும் பகடையாலும் நடக்கும். இன்சூரன்ஸ் ஆபீசில் கரப்பான் பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கும் முத்திருளனுக்குக் காட்டான் வேடம் வாய்த்தது. மூன்று பகடைகளை உருட்டியதில் பலம் பதினெட்டு விழுந்தது; அதற்கு மேல் கிடையாது. புத்திக்கு உருட்டியபோது ஆறு.

மெட்ராசில் நடக்கவிருந்த போட்டிக்கு ஒவ்வொருவரும் தன் வேடத்தின் விவரத்தை டைப் அடித்து ராமமூர்த்தி மூலமாக அனுப்ப வேண்டும்.

“காட்டானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது,” என்று புத்தகத்தில் விரலை வைத்துச் சொல்லியிருந்தார் ராமமூர்த்தி. “அதனால நீ பேனாவத் தொடக் கூடாது. வாயால சொல்லு, வேற யாராச்சும் அடிக்கட்டும்.”

சொன்னான். சூடாமணி அடித்தாள்.

“எழுதப் படிக்கத் தெரியாது. பலம் பதினெட்டு, புத்தி ஆறு. கோவம் வந்தா எதுக்க நிக்கிறது ஆளா மரமான்னு பாக்க மாட்டேன். மந்திரிச்ச பொருளக் கண்டா ஒடச்சிருவேன். இதப் படிக்கிறவுக எனக்கு எதிரா ஒரு முரட்டு மிருகத்த அவுத்து விடும்படி கேட்டுக்கிறேன்.”

கடைசி வரி, போட்டியை நடத்துபவர்களுக்கான வேண்டுகோள்.

“அவ்வளவுதானா சார்?”

“இன்னொண்ணு இருக்கு. அது நெசம்,” என்று குரலைத் தாழ்த்தினான்.

அது மாப்பிள்ளை விவரம். தாய்மாமன் பேயாண்டி அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெண் பார்த்திருந்தார். பெயர் பாண்டியம்மாள். அவள் போட்டோவை மூன்று வாரமாகச் சட்டைப் பையில் வைத்திருந்தான். சட்டையைத் துவைக்கப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். இந்த இடம் தட்டிப்போனால் வேறு பெண்ணே பார்க்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லியும் விட்டான்.

இரண்டு தாள், இரண்டு கவர்; ஒன்று ராமமூர்த்திக்கு, ஒன்று பெண் வீட்டுக்கு. சூடாமணியே மடித்து, ஒட்டி, விலாசமும் அடித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ராமமூர்த்தி கவரைப் பிரித்தார்.

“என்னய்யா இது? ‘சாந்த சுபாவம். அதிர்ந்து பேச மாட்டார். இன்சூரன்ஸ் ஆபீசில் நிரந்தர வேலை.’ இவன அரக்கன்கிட்ட அனுப்புனா என்ன செய்வான், பாலிசி எடுக்கச் சொல்லுவானா?”

முத்திருளனின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. “அண்ணே, அப்ப காட்டான் எங்க போனான்?”

காட்டான் எங்கே போனான் என்பதை மறுநாள் ஆபீசுக்கே வந்து சொன்னார் மாமா பேயாண்டி.

“மாப்ள, ஒன் கடுதாசியக் கேட்டு பொண்ணோட அப்பா விருமாண்டி ஆடிப் போயிட்டாரு. பொண்ணுதான் சத்தமா வாசிச்சுச்சு. தெருவே கூடி நின்னு கேட்டுச்சு.”

“எழுதப் படிக்கத் தெரியாதுன்னு அதுல இருந்திருக்குமே மாமா.”

“அதுலதான் மனுசன் அசந்துட்டாரு. எழுதப் படிக்கத் தெரியாமலே இன்சூரன்ஸ் ஆபீசுல கிளார்க்கா இருக்காருன்னா செல்வாக்கு எம்புட்டு இருக்கணும்னாரு.”

“புத்தி ஆறுன்னு…”

“மாடு புடிக்கிறவனுக்கு அதுவே சாஸ்தியாம். நீ கேட்டுக்கிட்டபடி பொண்ணு பாக்க வாற அன்னிக்கு அவரு செவலக் காளைய அவுத்து விடணும்னு ஊரே பேசுது. நாலு வருசமா ஒருத்தன் கை அது மேல பட்டதில்ல மாப்ள.”

முத்திருளன் எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். “மாமா, அது வெளையாட்டு. வெறும் வெளையாட்டுன்னு இன்னிக்கே போய்ச் சொல்லிருங்க.”

மாமா போய் அட்சரம் பிசகாமல் சொன்னார். புதன்கிழமை திரும்பி வந்தார்.

“சொல்லிட்டேன். நாலு வருசம் புடிபடாத செவல இவருக்கு வெறும் வெளையாட்டாமான்னு கேட்டுட்டு, விருமாண்டி துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சுக்கிட்டாரு. மைக் செட்டுக்கு யாரோ சொல்லிட்டாக.”

இனி யாரையும் தூது அனுப்புவதில்லை என்று முடிவு செய்தான் முத்திருளன். உட்கார்ந்து தன் கையாலேயே நாலு பக்கம் எழுதினான். ஆட்டம், பகடை, கவர் மாறியது, கரப்பான் பூச்சி, எதையும் விடவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, விருமாண்டிக்குத் தபாலில் சேர்த்தான். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை மாமா மறுபடி வந்தார், கோபமாக.

“எவனோ பொறாமை புடிச்ச பய ஒன் பேர்ல நாலு பக்கம் எழுதிப் போட்டிருக்கான். நீ கரப்பான் பூச்சிக்குப் பயப்படுவியாம். நல்லவேள, ஊர்க்காரங்க கண்டுபிடிச்சுட்டாங்க. எழுதத் தெரியாத மனுசன் எப்படிடா நாலு பக்கம் எழுதுவான்னு. கையெழுத்து வேற போட்டிருக்கான் திருட்டுப்பய.”

“மாமா, அது நான் எழுதுனது. நான் எழுதுவேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரிய வேணாம். எழுதப் படிக்கத் தெரிஞ்ச மாப்ளன்னு மூணு இடத்துல சொல்லிப் பாத்தேன், ஒண்ணாச்சும் அமஞ்சுச்சா?”

“நான் கண்ணுக்குட்டியக் கண்டாலே ஒதுங்குற ஆளு மாமா.”

“கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்.”

கடைசியில் ராமமூர்த்தியிடம் ஓடினான். அவர் நிதானமாகப் புத்தகத்தைப் புரட்டினார். “காட்டானுக்கு மத்த எல்லாரையும் விட ஓட்டம் சாஸ்தின்னு போட்டிருக்கு. அத ஞாபகம் வச்சுக்க.”

பெண் பார்க்கும் நாள் வந்தது. விருமாண்டி வீட்டு வாசலில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். களத்தைச் சுற்றி ஊரே நின்றது. வீட்டுக்குள் நுழைந்தால் ஒருவர் கழுத்திலும் தாயத்து இல்லை; வாசல் நிலையில் திருஷ்டிக் கயிறு கட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது.

“மந்திரிச்சது எல்லாத்தையும் கழட்டிப் பரண்ல போட்டுட்டோம். நீங்க ஒடைக்க வேணாமுல்ல,” என்றார் விருமாண்டி. மீசை பெரிதாக இருந்தது. கண் மட்டும் முத்திருளனைப் பார்க்காமல் வாசலையே பார்த்தது.

பாண்டியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். போட்டோ எடுத்தவனுக்குத் தொழில் தெரியவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. டம்ளரை நீட்டியபடியே மெல்லக் கேட்டாள்.

“புத்தி ஆறுன்னு இருந்துச்சே. பத்துக்கா, நூறுக்கா?”

“பதினெட்டுக்கு.”

“பரவால்ல,” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிரிப்புக்காக மாட்டைக் கூடப் பிடிக்கலாம் என்று முத்திருளனுக்கு ஒரு கணம் தோன்றியது. மறுகணமே தொழுவத்திலிருந்து செவலை ஒரு முறை கத்தியது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். இவள் கிடைக்காவிட்டாலும் போகட்டும், பொய்யாகக் கிடைக்க வேண்டாம்.

“மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றான் விருமாண்டியிடம்.

விருமாண்டியும் சட்டென்று எழுந்தார். “நானும் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மாப்ள.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்கள்.

“நீங்க சொல்லுங்க மாமா.”

“இல்ல, நீங்க சொல்லுங்க.”

அதற்குள் மைக்கில், “எழுதப் படிக்கத் தெரியாத வீரர், பலம் பதினெட்டு, அண்ணன் முத்திருளன் களத்துக்கு வரவும்,” என்று அழைப்பு வந்துவிட்டது. நாலு பேர் அவன் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள்.

கால் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லித் தொழுவத்துக்குப் பின்னால் போனான். திருநகருக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று அவன் வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். காளைக்குத் தீனி போடும் ஒச்சாயி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“தம்பி, நாலு வருசமா ஒருத்தனும் புடிக்கலங்கிறது நெசந்தேன், மேளச் சத்தம் கேட்டாலே படுத்துக்கிரும், தொழுவ விட்டு வெளிய வந்தாத்தான எவனாச்சும் புடிக்க, ஒங்க கடுதாசி வந்ததுலேருந்து அதுவும் எங்க விருமாண்டி அய்யாவும் பச்சத்தண்ணி குடிக்கல, கொஞ்சம் வலிக்காமப் புடிங்க.”