எழுநூற்றிரண்டு வயதில் ஓய்வு

மனிதன் நாற்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டு, இருப்பதைக் கொண்டு நிம்மதியாக வாழவேண்டும் என்பது என்னுடைய நெடுநாளைய கொள்கை. நெடுநாள் என்றால், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட வெள்ளிக்கிழமையிலிருந்து.

என் பெயர் நல்லசாமி. மலாயாவில் கோலா சாவாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் ஸ்டோர் மண்டோர், அதாவது மேற்பார்வைக்காரன். வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலை நிறுத்து, "தண்ணி கலந்திருக்கே" என்று முகத்தைச் சுளிப்பது என் உத்தியோகம். ஜப்பான்காரன் வந்த பிறகு பாலை வாங்க ஆளில்லை, அதனால் மரத்தில் பால் வெட்டுவதும் இல்லை. இருந்தாலும் தினமும் ஸ்டோரைத் திறந்து, காலி வாளிகளை நிறுத்து, தண்ணீர் கலக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உத்தியோகம் என்றால் அப்படித்தான்.

சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் கடிதம் போடவில்லை. காடு, காய்ச்சல், கஞ்சித் தண்ணீர் என்று ரந்தாவ் கடைத்தெருவில் காதைக் கடித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த வீரமெல்லாம் என் மனைவிக்கே போய்விட்டது, எனக்கு மிச்சமில்லை. அவள் பெயர் பஞ்சாலை.

வெள்ளைக்காரத் துரை ஓடும்போது போட்டுவிட்டுப் போன சட்டப் புத்தகம் ஆபீசில் இருந்தது. ஐம்பத்தைந்து வயதானால் ஓய்வு. ஓய்வு பெற்றவனைத் தோட்ட வேலைக்குக் கூப்பிடக் கூடாது. தோட்டத்துக்கே கூப்பிடக் கூடாதவனைச் சயாமுக்கு எப்படிப் பிடிப்பான்? எனக்குப் பதின்மூன்று வருஷம் குறைச்சல். கேட்டுத்தான் பார்ப்போமே என்று விண்ணப்பம் எழுதினேன். "அடியேனுக்குக் கோழி ஒன்பது, மரவள்ளிக் கொல்லை ஒன்று, காய்க்கும் பலா ஒன்று ஆகிய வருமானங்கள் உள்ளபடியாலும், ஆசைகள் குறைவானபடியாலும், எஞ்சிய ஆயுளை அமைதியாகக் கழிக்க அனுமதி கோரித் தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்..."

பஞ்சாலை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஒம்பதுல ரெண்டு சேவலு. அதுவும் வருமானமா?"

"சேவல் இல்லாம கோழி ஏதுடி?"

"அதான, நீங்க இல்லாம இந்த வீடு ஏது. கோழி முட்டை போடும், நீங்க கொக்கரிப்பீங்க."

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி இராஜரத்தினத்திடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷமாகக் கணக்கில் ஒரு புள்ளி தவறியதில்லை என்று பெயர். விண்ணப்ப பாரத்தை விரித்தார்.

"பிறந்த வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்னுங்க ஐயா."

"இப்ப என்ன வருஷம்?"

இங்கேதான் சங்கடம். ஜப்பான்காரன் தன்னுடைய முதல் சக்கரவர்த்தி பட்டமேறிய நாளிலிருந்து வருஷத்தை எண்ணுகிறவன். நமக்கு 1943 என்றால் அவனுக்கு 2603. சுவரில் அந்தக் காலண்டர்தான் தொங்கியது. ஆபீசில் பழைய வருஷத்தை உச்சரித்தவனுக்குக் கன்னத்தில் அறை விழும். எனக்கு ஏற்கெனவே ஒன்று விழுந்திருந்தது.

"ரெண்டாயிரத்து அறுநூத்து மூணுங்க" என்றேன், கன்னத்தைத் தடவிக்கொண்டு.

கிராணியார் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தார். சரிபார்க்க மறுபடியும் கழித்தார். "உமக்கு வயது எழுநூற்றிரண்டு."

"ஐயா, நாப்பத்திரண்டுங்க!"

"அப்ப காலண்டர் பிழை எண்டு சொல்லுறீரோ?"

"ஐயையோ, இல்லீங்க."

"அப்ப நீர் பிறந்தது பிழையோ?"

"அது வேணும்னா இருக்கலாமுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை பாரும் மண்டோர். நீர் பிறந்த வருஷம் வெள்ளைக்காரன்ரை பதிவிலை இருக்கு. இந்த வருஷம் ஜப்பான்காரன்ரை காலண்டரிலை இருக்கு. ரெண்டும் அரசாங்கம். ரெண்டையும் பிழை எண்டு சொல்ல எனக்கு ரெண்டு கன்னம்தான் இருக்கு." பிறகு குரலை உயர்த்தி, "நீர் முன்கூட்டி ஓய்வு கேக்கேல்லை. அறுநூற்று நாற்பத்தேழு வருஷம் பிந்திக் கேக்கிறீர். ஏன் பிந்தினது எண்டு விளக்கம் எழுதித் தாரும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்: "வேலைப்பளு காரணமாக."

வெள்ளைக்காரனுக்குப் பதில் தோட்டத்துக்கு வந்திருந்த ஜப்பான் துரை பாரத்தைப் பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயதானவர்களை மதிக்கிற மனிதர். எனக்குத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லால் "பாகுஸ்" என்று பாராட்டிவிட்டுச் சிவப்பு முத்திரை குத்தினார். "மேற்படி நல்லசாமி 2603-ஆம் ஆண்டு முதல் ஓய்வு பெறுகிறார்." அந்தக் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

பக்கத்து வீட்டுச் சன்னாசி ஓடி வந்தான். இருபத்து நாலு வயதுப் பிள்ளை. லெட்சுமியைக் கட்டி மூன்று மாதம்.

"அண்ணே, எனக்கு எத்தனைன்னு போட்டுச் சொல்லுங்கண்ணே."

"அறுநூத்து எம்பத்து நாலு."

"யாத்தே! இந்த வயசுல கல்யாணம் பண்ணியிருக்கேன், என் துணிச்சலப் பாருங்க!" என்று குதித்தான். அவனுக்கு எழுத வராது. விண்ணப்பத்தை நானே எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கு அப்போது கர்வம். வருமானம் என்ற இடத்தில் "வாத்து ஒன்று" என்று போட்டேன்.

மாதக் கடைசிக்குள் தோட்டம் முழுக்க ஓய்வு பெற்றுவிட்டது. ஒருவன் வருமானம் என்ற இடத்தில் "மாமியார்" என்று போட்டு அதற்கும் முத்திரை விழுந்தது. பஞ்சாலைக்கு அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து என்று சொன்னபோது, "எவ்வளவு ஆனா என்ன, உங்களைவிட ஏழு வயசு சின்னவதான்" என்று கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். கிராணியாருக்கும் எழுநூற்றொன்பது ஆகியிருந்தது. அவர் தம் விண்ணப்பத்தைத் தாமே பெற்று, தாமே பரிசீலித்து, நிர்வாக நலன் கருதி நிராகரித்தார். எப்பேர்ப்பட்ட மனிதர்!

பிறகு சிரம்பான் பெரிய ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. சயாமுக்கு நாற்பது ஆள். ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களாக இருக்க வேண்டும்.

கிராணியார் பேரேட்டைப் புரட்டினார். ஐம்பத்தைந்துக்குக் கீழே ஏழு பேர்தான் தேறினார்கள். ஏழு பேரும் ஜப்பான்காரன் வந்த பிறகு பிறந்து, பிறந்த வருஷமே 2602, 2603 என்று பதிவானவர்கள். உத்தரவு உத்தரவுதான். மறுநாள் காலையில், எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், துரை முன்னிலையில் பட்டியலை வாசித்தார்.

"அர்ச்சுனன்!"

மயிலம்மாள் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளையோடு முன்னால் வந்தாள். "வந்திருக்கானுங்க. பல்லு முளைக்குது, அதான் நைநைன்னு இருக்கான்."

துரை பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை துரையின் வாளைப் பிடிக்கக் கையை நீட்டியது. களத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். "பகேரோ!" என்று துரை திட்டியபடி விட்ட முதல் அறை கிராணியாருக்கு, இரண்டாவது எனக்கு. இனி வருஷக் கணக்குத் தப்பு என்று சொல்லி எங்களை இளமையாக்கிவிடுவார் என்று பயந்தேன். சொல்லியிருந்தால், இருநூறு முத்திரை தப்பாகக் குத்தியதை அவர் சிரம்பானில் ஒத்துக்கொள்ள வேண்டும். முத்திரை குத்தியவன் எந்த ராஜ்யத்தில் ஒத்துக்கொண்டான்?

துரை யோசித்தார். பிறகு பேசினார். கிராணியார் மூன்று மாத ஜப்பானிய வகுப்புக்குப் போனவர், மொழிபெயர்த்தார்.

"வேலை உள்ளவன் தோட்டத்துக்குத் தேவை. ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கிறான். சும்மா இருக்கிறவங்கள் போகலாம். விண்ணப்பம் குடுத்த வரிசைப்படி."

முதல் பெயர் நான். இரண்டாவது சன்னாசி.

லாரியில் ஏறும்போது பஞ்சாலை ஒன்றும் கேலி பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லெட்சுமி லாரிக்குப் பின்னால் ரோடு வரைக்கும் ஓடி வந்தாள்.

சயாமைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். இது சிரிப்புக் கதை. நாற்பது பேர் போனோம், பதினொரு பேர் வந்தோம். சன்னாசி வரவில்லை. அவன் விண்ணப்பத்தை எழுதிய கை இது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

திரும்பி வந்தபோது ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரத் துரை வந்துவிட்டார். ஆபீஸ் சுவரில் புதுக் காலண்டர், 1945. அதன் கீழே அதே நாற்காலியில் அதே இராஜரத்தினம். என் காலில் ஆறாத புண். நொண்டிக்கொண்டே போய்ச் சிவப்பு முத்திரைக் காகிதத்தை நீட்டினேன்.

"ஐயா, நான் ஓய்வு வாங்கினவன். இனிமே என்னால நிக்க முடியாது. விட்டுடுங்க."

"ஜப்பான்காரன்ரை எண்டாலும் முத்திரை முத்திரைதான்" என்று மரியாதையாக வாங்கிப் படித்தார். காலண்டரைப் பார்த்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தார்.

"இது 2603-ஆம் ஆண்டு முதல் எண்டு இருக்கு. இன்னும் அறுநூற்று ஐம்பத்தெட்டு வருஷம் கிடக்கு. அது வரைக்கும் நீர் வேலையிலைதான். நாளைக்குக் காலமை பெரட்டுக்கு வாரும்."

"ஐயா, அந்த வருஷமே தப்புங்க!"

கிராணியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

மறுநாள் பெரட்டில் நின்றேன். எனக்கு முன் வரிசையில் பால் வாளியோடு லெட்சுமி. ஓய்வு ஆரம்பிக்காதவர்கள் பெயரெல்லாம் பேரேட்டில் அப்படியே இருந்தது.

"சன்னாசி."

களம் முழுக்க ஆள். லெட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள். செத்துட்டானுங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அந்தக் களத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. கிராணியார் "சொல்லாமல் வரவில்லை" என்று எழுதினார்.

"நல்லசாமி."

"வந்திருக்கேனுங்க" என்றேன்.