என் மனைவி பெயரில் ஒரு ஃபிரேம்

பொய் சொல்வதென்று தீர்மானித்துவிட்டால் முழு மனதோடு சொல்ல வேண்டும். நான் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"அகல்யா, நம்ம கல்யாண நாளுக்கு உனக்கு ஒரு ஃபிரேம் வாங்கித் தரலாம்னு இருக்கேன்."

"எந்தப் போட்டோவுக்குங்க?"

"போட்டோ ஃபிரேம் இல்ல. சைக்கிள் ஃபிரேம். மலைப் பாதையில ஓட்டறது. முழுக்க ஸ்டீல், கையாலயே செஞ்சு தருவாங்க. ஃபுல் சஸ்பென்ஷன்."

"சஸ்பென்ஷனா? ஆபீஸ்ல என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஐயோ, வேலையில இல்லம்மா. ரெண்டு சக்கரத்துக்கும் குலுக்கலைத் தாங்கற அமைப்பு இருக்கும். கல்லு, பள்ளம் எதுவும் உடம்புக்குத் தெரியாது."

பொய் எங்கே என்று கேட்பீர்கள். "உனக்கு" என்ற அந்த ஒரு சொல்தான் பொய்.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். புனேயில் பதினோரு வருஷமாக இருக்கிறோம். விஷ்ராந்த்வாடியில் மூன்றாவது மாடி. எனக்கு ஐ.டி. வேலை. அகல்யா, கேம்ப் என்கிற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் ஏற்கெனவே எனக்கு இரண்டு சைக்கிள்கள். பால்கனியில் ஒன்றின் மேல் துண்டு காயும், இன்னொன்றின் மேல் போர்வை காயும். இரண்டாவது வந்த அன்று அகல்யா ஒரு சட்டம் போட்டாள்.

"இனிமே உங்க பேர்ல ஒரு சக்கரம்கூட இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

அந்தச் சட்டத்தில் ஓட்டை தேடிப் பல நாள் அலைந்தேன். ஒருநாள் பல் தேய்க்கும்போது அகப்பட்டது. 'உங்க பேர்ல' என்றுதானே சொன்னாள்? அவள் பேரில் வரலாமே! அகல்யா ஆட்டோவிலேயே கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள். அவளா மலைமேட்டில் சைக்கிள் ஓட்டப் போகிறாள்? வந்த மறுநாளே "எனக்கெதுக்குங்க, நீங்களே ஓட்டுங்க" என்பாள். நானும் ரொம்ப வருத்தத்தோடு சம்மதிப்பேன்.

அகல்யா தோசைக் கரண்டியோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நெசமாலுமே எனக்கா?"

"உனக்கேதான்."

"சரிங்க."

பதினைந்து வருஷத்தில் என் யோசனை எதற்கும் அவள் முதல் தடவையே சரி சொன்னதில்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

கேம்ப்பில், சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சந்தில் சேவியருக்குப் பட்டறை. மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கிற தமிழர். ஆள் உயரம், கை நீளம், கால் நீளம் எல்லாம் அளந்து, குழாய் குழாயாக வெட்டி, பற்ற வைத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகச் செய்கிறவர். முதல்நாளே அவருக்குப் போன் பண்ணினேன்.

"சேவியர், நாளைக்கு என் ஒய்ஃபைக் கூட்டிட்டு வர்றேன். அவங்களை அளவெடுக்கற மாதிரி எடுங்க. ஃபிரேமை மட்டும் என் அளவுக்குப் பண்ணிடுங்க."

"சார், நீங்க ஆறடி கிட்ட. மேடம்?"

"அஞ்சடி ஒண்ணு."

"அப்ப மேடத்துக்குக் கால் தரையில எட்டாதே, சார்?"

"எட்டக் கூடாது, சேவியர். அதான் பாயிண்ட்."

போனில் கிரைண்டரை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "டீக் ஹை, சரி சார். ஆர்டர் யார் பேர்ல எழுத?"

"அவங்க பேர்லதான்." சட்டத்தை மதிக்கிறவன் நான்.

மறுநாள் சேவியர் டேப்பை வைத்து அகல்யாவை அளந்தார். நான் நல்ல பிள்ளையாகப் பக்கத்தில் நின்றேன்.

"எல்லாரும் கார்பன் கார்பன்ங்கறாங்களே, இது ஏன் ஸ்டீலுங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஸ்டீல் அடி வாங்கினா நெளியும், மேடம். சட்டுனு ஒடையாது. பல சமயம் நிமித்தி எடுத்துடலாம்."

"எங்க வீட்லயும் அப்படி ஒண்ணு இருக்குங்க" என்றாள், என்னைப் பார்க்காமலே.

அப்புறம் அங்கே தொங்கிய ஒரு ஃபிரேமில், பின்பக்கக் குழாய்கள் மேலும் கீழும் அசைகிற இணைப்பைப் பார்த்தாள். சக்கரம் இவ்வளவு மேலே வந்தால் இது எத்தனை டிகிரி திரும்பும் என்று கேட்டாள். சேவியரின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒரு அட்டையைக் கிழித்து, இரண்டு பேரும் முக்கோணம் முக்கோணமாக வரைய ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வண்ணம் என்ன என்று வந்தது. நான் கறுப்பு என்றேன். அவள் மஞ்சள் என்றாள். விட்டுக் கொடுத்தேன். பெயிண்ட்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

வண்டி தயாராக ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் வீட்டில் அப்படி ஓர் அமைதி. ஒருநாள் சாயங்காலம் அகல்யா பால்கனியில் நின்று யோசித்தாள்.

"ஏனுங்க, என்ற சைக்கிள் வந்தா எங்க நிறுத்தறது?"

"இந்தப் பழசு ரெண்டையும் குடுத்துட்டாப் போச்சு!" என்றேன். எனக்குத்தானே புதுசு வரப்போகிறது! ஒன்றை ஆபீஸ் நண்பனுக்குக் கொடுத்தேன். இன்னொன்றை தேஹு ரோட்டில் ஒருவர் விலைக்கு வாங்கிக்கொண்டார். அதை டெம்போவில் ஏற்றியபோது கயிறு கட்ட அகல்யாவும் ஒரு கை கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, வண்டி தயார் என்று சேவியர் கூப்பிட்டார். போனோம். பட்டறையின் அந்தக் கோடியில், சுவரில் சாய்ந்து நின்றது. மஞ்சள். மெல்லிய குழாய்கள். பற்ற வைத்த இடங்களில் கையெழுத்து மாதிரி சீரான வரி. தூரத்தில் இருப்பதால் சின்னதாகத் தெரிகிறது என்று நினைத்தேன். பக்கத்தில் போனேன். அப்போதும் சின்னதாகத்தான் இருந்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே, பித்தளையில் வெட்டிப் பதித்த தமிழ் எழுத்துகள்: அகல்யா.

"சேவியர், என்ன இது?"

"மேடம் சைக்கிள், சார்."

"என்னோட அளவு?"

சேவியர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டிராயிங், ஆர்டர் யார் பேர்ல இருக்கோ அவங்க நம்பருக்குத்தான் சார் போகும். மேடம் ஸ்கூல் விட்டு நேரா இங்க வந்துட்டாங்க. 'மேல் குழாய் என் கால் நீளத்தைவிட மூணு இஞ்ச் ஒசரத்துல இருக்குங்களே, நான் நடுவுல எங்க நிக்கறது'ன்னாங்க. அப்பவே டிராயிங்கை மேடம் அளவுக்கு மாத்திட்டேன், சார்."

நான் அகல்யா பக்கம் திரும்பினேன்.

"கணக்கு டீச்சர்கிட்ட தப்புக் கணக்குக் குடுக்கலாமுங்களா?"

"அது சரி, உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதே!"

"யாரு சொன்னா? சிங்காநல்லூர்ல இருந்து பீளமேடு காலேஜுக்கு மூணு வருஷம் சைக்கிள்லதானுங்க போனேன். நீங்க கேட்டதே இல்ல."

வாஸ்தவம். நான் கேட்டதே இல்லை. ஆட்டோவில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள் என்பதை மட்டும் பதினைந்து வருஷமாகக் கவனித்து வந்திருக்கிறேன். வேறொருவர் ஓட்டினால்தான் அவளுக்குப் பயம் என்பது தோன்றவே இல்லை.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். சந்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். முனையில் ஒரு வேகத்தடை உண்டு. ஸ்கூட்டர்கள் அதில் துள்ளித் துள்ளி விழும். அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. சக்கரங்கள் மட்டும் ஏறி இறங்கின. அவள் முதுகு அசையவில்லை. ஒரு பொருள் ஒரு மனுஷிக்கு இவ்வளவு பாந்தமாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை. வயிற்றெரிச்சலோடு ரசித்தேன்.

"நானும் ஒரு சுத்து..." என்று வாங்கி ஏறினேன். பெடலை ஒரு மிதி மிதித்தேன். முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. சேவியர் அவசரமாகத் திரும்பி, ஏதோ ஸ்பேனரைத் தேடினார்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் அகல்யா தானோரி மலைக்குக் கிளம்பிவிட்டாள். ஒன்பது மணிக்குத் திரும்பினாள். முகம் சிவந்து, முழங்கை வரை சேறு, வாயெல்லாம் சிரிப்பு.

"எப்படி இருந்துச்சு?"

"அருமைங்க! எறக்கத்துல மட்டும் பின்னாடி 'கிரீச்'ங்குது. உங்களுக்குத்தான் இதெல்லாம் நல்லாத் தெரியுமே, கழுவிட்டு என்னன்னு பாருங்க. நான் போய்க் குளிக்கறேன்."

கீழே பார்க்கிங்கில், ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷுமாக மண்டியிட்டு உட்கார்ந்தேன். மூட்டு மூட்டாகச் சேற்றை எடுத்தேன். எண்ணெய் விட்டேன். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த வாட்ச்மேன் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் வந்து, இந்தியில், மிகவும் அன்பாகச் சொன்னான்:

"இதை ஓட்டக் கத்துக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல, சாப். பயப்படாம மேடம்கிட்ட கேளுங்க, சொல்லிக் குடுப்பாங்க."